சுண்ணாம்பு தடவிய கலயமும் தடவாத கலயமும்

கோடைக்காலத்தில் பூந்தமல்லி, திருவேற்காடு சாலையோரங்களில் பதநீர் விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே பனையின் அதே பாளையில் ஊறும் சாறுதான் கள்ளும். ஒன்று இனிக்கும், மற்றொன்று மயக்கும். இவ்விரண்டையும் பிரித்துவைப்பது கலயத்தின் உட்புறம் தடவப்படும் சிறிதளவு சுண்ணாம்பே. இது எப்படி?

பனஞ்சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் சர்க்கரை உள்ளது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் நுண்துளைகளிலும் குடியிருக்கும் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும், சாறு சொட்டத் தொடங்கியதுமே அதை நொதிக்கச் செய்கின்றன. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமிலவாயுவும் கிடைக்கும். கள் நுரைப்பது இந்த வாயுவினால்தான். சுண்ணாம்பு சாற்றுக்குக் காரத்தன்மை அளித்து, நுண்ணுயிர்களை அடக்கிவிடுகிறது. எனவே பதநீர் பதநீராகவே இருக்கிறது.

நொதித்தல் உயிர்களின் வேலை என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857 முதல் 1860 வரை நடத்திய ஆய்வுகளால் நிறுவினார். 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். பீர் ஆலைகள் முதலில் இம்முறையை மேற்கொண்டன. திராட்சை மதுவிலும் அது பின்னர் பரவியது. சரக்கு கெடுவது குறைந்தது. ஆனால் எல்லாப் புட்டிகளும் ஒரே சுவையை நோக்கி நகர்ந்தன.

இதற்கு மாற்றுத் தேடியவர் பிரான்சின் போழொலே பகுதியைச் சேர்ந்த மது வணிகரும் வேதியியலறிஞருமான ஜூல் ஷோவே (1907–1989). வெளியிலிருந்து ஈஸ்டும் கந்தகமும் சேர்க்காமல், பழத்திலேயே உள்ள ஈஸ்டைக் கொண்டு மது தயாரிக்கலாம் என்று அவர் காட்டினார். அவ்வழியில் சென்ற சிறு விவசாயிகளின் ‘இயற்கை மது’வை இன்று பலர் விரும்பி வாங்குகிறார்கள். மண்ணுக்கு மண், ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுவதே அதன் கவர்ச்சி.

நம் பனையேறியின் கலயத்தில் இது என்றென்றும் நடந்துவந்ததுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கள்ளின் ஆயுள் ஒரு நாள். அதன்பின் ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாக மாறிப் புளித்துப்போகும். மரத்தடியிலேயே செலவாகவேண்டிய பொருள் அது. ஆகவே இயல்பாகவே அது சிறு உற்பத்தியாளரின் பொருளாக நின்றது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை உள்ளது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் அனுமதி உண்டு. மது நன்றா தீதா என்பது வேறு விவாதம்; மது உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாளையைப் பக்குவமாகச் சீவும் கை இல்லாவிட்டால் கள் மட்டுமல்ல, பதநீரும் கருப்பட்டியும் இல்லை. பயன் தராத பனை செங்கல் சூளைக்கு விறகாகிறது. 2021-இல், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. மரத்தைக் காக்கச் சட்டம் போதும். ஏறும் கலையைக் காக்க, ஏறுபவருக்குப் பிழைப்பு வேண்டும்.