பேகம்பூர்: ஒரு பெயரும் இரு வழக்கும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் வரலாற்றை எழுதுவோர், அதனை அடுத்த பேகம்பூரை அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாகக் கருதிச் செல்லுதல் வழக்கமாகிவிட்டது. ஐதர் அலியின் படையொடு வந்து தங்கியோர் குடியிருப்பு என ஒரு தொடரில் முடித்துவிடுவர். இக்கூற்று முற்றும் பிழையன்று. முழு உண்மையும் அன்று. அப்பகுதி மக்களின் நாவில் வழங்கும் சொற்களே இதற்குச் சான்று பகர்கின்றன.

முதற்கண் பெயரை நோக்குவோம். பாளையக்காரரை அடக்கி வரி தண்டுதற்பொருட்டு மைசூர் அரசு ஐதர் அலியைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பியது 1755ஆம் ஆண்டில். அவர் இங்கே பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு படைக்கலச்சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆளும் வலிமைக்கு இவ்வூர் அவருக்கு முதற்படியாயிற்று. அவர்தம் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பெற்ற இடம் பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது; அவ்வம்மையாரின் பெயராலேயே ஊர்ப்பகுதி வழங்குகிறது. படைத்தலைவர் பலர் வந்துபோன இடத்தில் ஒரு பெண்ணின் பெயரே நிலைத்தது என்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1768இலும் 1783இலும் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினும் அது மீண்டும் மைசூரிடமே சென்றது. 1790இல் மறுபடியும் வீழ்ந்து, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் கும்பினியார்க்கு உரியதாயிற்று. ஆக, ஐதர் வந்தது முதல் மைசூர் ஆட்சி இடையிடையே அறுபட்டு 37 ஆண்டுகளே நின்றது. அத்துணைச் சிறு காலம் ஓர் ஊர்க்குப் பெயர் தரலாம். அவ்வூரார் அனைவர்க்கும் பேச்சு மொழியைத் தந்துவிட இயலுமா?

பேகம்பூர்த் தெருக்களில் நடந்து செல்வோர் இரு வழக்குகளைக் கேட்கலாம். உருது பேசுவோர் ‘நமாஸ்’ என்பதைத் தமிழ் பேசும் இராவுத்தர் ‘தொழுகை’ என்பர். முன்னவர்க்கு ‘ரோஜா’ ஆவது பின்னவர்க்கு ‘நோன்பு’. இரு சாராரும் அனபி வழியினர். ஆதலின் ஒரே பள்ளியில் நின்று தொழுவதற்குத் தடையில்லை. சமயநெறி ஒன்று; வீட்டுமொழி இரண்டு.

‘பள்ளி’ என்னும் சொல்லோ ஐதருக்கு ஐந்நூறு ஆண்டு முற்பட்டே முசுலிம் தொழுமிடத்திற்கு உரியதாகிவிட்டது. பாண்டியர் காலத்ததாகிய 13ஆம் நூற்றாண்டுத் திருப்புல்லாணிக் கல்வெட்டு ‘பிழார்ப்பள்ளி’ எனச் சோனகர் பள்ளியொன்றைக் குறிக்கின்றது. சமணர்க்கும் புத்தர்க்கும் உரியதாயிருந்த சொல் இங்ஙனம் புதிய நெறியினரிடம் சென்று சேர்ந்தது. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா இயற்றப்பெற்ற ஆண்டு 1572. ஐதர் திண்டுக்கல்லை மிதித்தற்கு அது 183 ஆண்டு முந்தியது. தமிழ் முசுலிம்களின் இலக்கிய வழக்கு அக்காலத்தே வேரூன்றி நின்றது என்பதில் ஐயமில்லை.

இராவுத்தர் தந்தையை ‘அத்தா’ என விளிப்பர். இதனைத் துருக்கிச் சொல்லாகக் கொள்வாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே பற்றிச் சொற்பிறப்பு முடிவு செய்தல் பொருந்தாது. ‘அத்தன்’ என்பது தந்தையையும் தலைவனையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ‘அத்தா’ என்னும் விளி தேவாரத்திலேயே பயில்கின்றது. வீட்டிலிருக்கும் விளக்கை விட்டுக் கடல் கடந்து நெருப்புத் தேடுவானேன்?

‘இராவுத்தன்’ என்னும் சொல் பற்றி இத்துணை உறுதியாகக் கூறுதற்கில்லை. குதிரை வீரன் என்னும் பொருளில் அது கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. பழனியைப் பலகாற் பாடிய அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே இராவுத்தன் என அழைக்கின்றார். இதனால் 15ஆம் நூற்றாண்டில் குதிரை வீரனைக் குறிக்கும் அச்சொல் தமிழ்நாட்டில் பெருமைக்குரியதாய் இருந்தமை பெறப்படும். அக்காலத்து இராவுத்தர் அனைவரும் முசுலிம்களே என முடிவு கட்டுதற்கு மட்டும் இது சான்றாகாது.

பழனிக்கு அணித்தேயுள்ள கீரனூரையும் ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். முசுலிம்கள் வாழும் அவ்வூர், பேகம்பூரைப் போல அரச குடும்பத்தார் பெயரைத் தாங்கவில்லை. அவ்வூரினரான கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ என்னும் புதினம், ஒரே சமயத்தாருள்ளும் தொழிலாலும் செல்வத்தாலும் தெருவுக்குத் தெரு ஏற்றத்தாழ்வு நிலவுதலை மறைக்காது காட்டுகின்றது. ‘முசுலிம் குடியிருப்பு’ என்னும் ஒற்றைத் தொடர் எத்துணை வேறுபாடுகளை விழுங்கிவிடுகிறது என்பதற்கு அந்நூல் நல்ல எடுத்துக்காட்டு.

படை சென்றபின் திண்டுக்கல் முசுலிம்கள் பலர்க்கு வாழ்வளித்தவற்றுள் தோல் வாணிகமும் ஒன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட தொழிற்கூடங்களில் உழைத்தோருள் தாழ்த்தப்பட்ட மக்கள் மிகப் பலர். அவ்வுழைப்பாளரின் துயரையும் போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட டி. செல்வராஜின் ‘தோல்’ 2012இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. திண்டுக்கல் முசுலிம்களின் வரலாற்றை ஆராய்வோர் இந்நூலையும் அருகே வைத்துக் கற்றல் வேண்டும். தோலை விற்றார் வரலாறும் தோலை உரித்தும் ஊறவைத்தும் கைபுண்ணானார் வரலாறும் இவ்வூரில் ஒன்றையொன்று தொட்டே செல்கின்றன.

இனி ஆராயத்தக்கவை, பள்ளிவாசலைச் சூழ்ந்த அடக்கத்தலக் கற்களில் உள்ள எழுத்துகளும், முதியோர் வழங்கும் உறவுமுறைச் சொற்களும். முன்னவை கல்லில் இருத்தலின் சிறிது காலம் பொறுக்கும். பின்னவற்றை இவ்வாண்டே தொகுக்கத் தொடங்குதல் நலம்.