பெரியப்பாவின் துப்பாக்கி உறை



நாசரேத் வீட்டில் பரணை ஒதுக்கியபோது பெரியப்பாவின் ரிவால்வர் உறை கிடைத்தது. அவர் சப்-இன்ஸ்பெக்டர். துப்பாக்கி அரசாங்கத்துக்கே போயிற்று. கழித்துப்போட்ட உறை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பேரன் துடைத்தான். விரலெல்லாம் செந்தூள். "தாத்தா, துரு!"

துரு இல்லையடா. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வயதானால் இப்படித்தான் சிவந்து பொடியும். கான்பூர்ப் பக்கம் கருவேலம்பட்டை, நம் பக்கம் ஆவாரம்பட்டை. தேரிக்காட்டு ஓரம் மஞ்சளாய்ப் பூக்கிறதே, அதே ஆவாரை. அதில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் கப்பலேறி, முதல் உலகப்போரில் பட்டாளத்துப் பூட்சு ஆனது. குரோம் முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 வாக்கில். எதற்குத் தெரியுமா? கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல் சாலுக்கு!

தையலைப் பாருங்கள். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிரே நுழையும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. இயந்திரத் தையலில் இது வராது.

துப்பாக்கிக்கு வெப்ளி என்று பெயர் உண்டு. உறையின் உள்ளே பெரியப்பா பெயரும் மையில் இருக்கிறது. தைத்தவர் பெயர் எங்கும் இல்லை. சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர்களைப் பற்றி வகுப்பில் நானும் பேசியதில்லை. டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது வந்த பிறகுதான், திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றிப் படித்தேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன்!

உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருந்தால் எண்ணெய் தடவாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். படம் அனுப்புங்கள்.