செவிலிய ஆய்வு

செவிலிய ஆய்வு என்பது நோயாளரைப் பேணும் முறைகளையும், அவற்றைக் கற்பிக்கும் கல்வியையும், பேணுவோரின் மனப்பாங்கையும் சான்றுகளின் துணையோடு ஆராயும் துறை. நோயும் மருந்தும் மருத்துவ ஆய்வின் பொருள். வார்டில் இரவும் பகலும் நடப்பவை இத்துறையின் பொருள்: நோயாளரைத் திருப்பிப் படுக்கவைத்தல், உணவூட்டுதல், வலியைக் கேட்டறிதல், அறுவைக்கு முன் பேசித் தெளிவித்தல் முதலியன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இது வேர்விட்டது. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், பெரும்பாலும் செவிலியரைப் பற்றிய ஆய்வாகவே இருந்து, 1950களுக்குப் பிறகுதான் நோயாளரின் படுக்கையருகே வந்தது. நல்ல பராமரிப்பு செவிலியரின் குணத்திலிருந்து பிறக்கிறதா, வேலை பங்கிடப்பட்டிருக்கும் விதத்திலிருந்து பிறக்கிறதா என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

கணக்கும் குணமும்

கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டரி படைமருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த பின்னும் அங்கே சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே இறந்தவர்களின் விகிதம் 42 விழுக்காட்டைத் தாண்டியது. மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய துப்புரவுக் குழு சாக்கடைகளை அலசிவிட்டு, காற்றோட்டத்துக்கு வழி செய்து, குடிநீர்க் கால்வாயைத் துப்புரவு செய்தது. ஜூனில் விகிதம் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரின் துணையோடு இந்த எண்களை அலசினார். போர்க்காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே வீரர்களைக் கொன்றன என்பதை 1858இல் வண்ண ஆரைத்துண்டுகளால் ஆன வரைபடமாக அச்சிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. இந்தியாவிலிருந்த படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பித் துப்புரவு நிலையை அறிந்து 1863ஆம் ஆண்டின் அரச ஆணையத்துக்கு எழுதியதும் இதே முறையில்தான். இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளி வேறொரு வழியில் போனது. அங்கே தலைமைச் செவிலியர் மாதந்தோறும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு படிவம் நிரப்பினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடைத்தூய்மை எனப் பத்திகள் பிரித்து அவளது குணத்துக்குத் தரம் இடப்பட்டது. செவிலியரின் மனப்பாங்கை அளக்க எடுத்த முதல் முயற்சி என்று இந்தப் படிவத்தைச் சொல்லலாம். ஸ்கூட்டரியின் எண்கள் சாக்கடையைச் சுட்டியிருக்க, படிவம் பெண்ணின் நடத்தையைச் சுட்டியது. உலகெங்கும் பரவிய செவிலியர் பள்ளிகள் எண்களை விட்டுவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டன.

கல்வியைப் பற்றிய விசாரணைகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வின் மையம் அமெரிக்காவுக்கு மாறியது. 1907இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அடிலெய்டு நட்டிங் பேராசிரியரானார். உலகில் செவிலியர் ஒருவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது அதுவே முதல் முறை. அக்காலத்துப் பள்ளிகள் மருத்துவமனைகளின் உடைமை; மாணவியரே வார்டுகளின் பெரும்பாலான வேலையாட்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஜோசஃபின் கோல்ட்மார்க் நடத்திய ஆய்வு 1923இல் வெளிவந்தது. படிப்பு என்ற பெயரில் மாணவியர் மலிவான உழைப்பாளராக நடத்தப்படுவதை அது விவரமாக எடுத்துக்காட்டி, செவிலியக் கல்வி பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்றது. அதே ஆண்டில் ஏல் பல்கலைக்கழகம் தனிச் செவிலியப் பள்ளி தொடங்கியது. 1948இல் எஸ்தர் லூசில் பிரவுன் அளித்த அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டில் நிலைமை எவ்வளவு மாறியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1952இல் இத்துறைக்கென்று ‘நர்சிங் ரிசர்ச்’ என்ற இதழ் தோன்றியது. அதிலும் யார் செவிலியராகிறார்கள், ஏன் வேலையை விடுகிறார்கள் என்பன போன்ற கட்டுரைகளே மிகுதி. பராமரிப்பைப் பற்றிய ஆய்வு எப்போது வரும் என்று வர்ஜீனியா ஹென்டர்சன் 1956இல் அதே இதழின் தலையங்கத்தில் கேட்டார். பின்னர் 1900 முதல் 1959 வரையிலான செவிலிய எழுத்துகளை அவர் தலைமையிலான ஏல் குழு நான்கு தொகுதிகளில் அட்டவணைப்படுத்தியது. இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை அத்தொகுதிகளைப் புரட்டிய எவரும் காண முடிந்தது.

படுக்கைப் புண்

ஹென்டர்சன் எழுப்பிய கேள்விக்குத் தெளிவான விடை லண்டனில் முதியோர் வார்டு ஒன்றிலிருந்து வந்தது. நீண்டநாள் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வருவது செவிலியரின் அவமானமாகக் கருதப்பட்ட காலம் அது. புண் வராமலிருக்கத் தோலில் ஸ்பிரிட் தேய்த்தார்கள். சோப்பும் நீரும் கொண்டு தேய்த்தார்கள். களிம்பும் பவுடரும் பூசினார்கள். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி ஆக்சிஜன் ஊதியதும் உண்டு. ஒவ்வொரு வார்டு சிஸ்டருக்கும் ஒரு கைமுறை இருந்தது. டோரீன் நார்ட்டன், மருத்துவர் எக்ஸ்டன் ஸ்மித்தும் ரோடா மெக்லாரனும் உடன்பணியாற்ற, நோயாளரை நாள்தோறும் பின்தொடர்ந்து 1962இல் முடிவை வெளியிட்டார். பூச்சு மருந்துகள் எவையும் புண்ணைத் தடுக்கவில்லை. குறித்த நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, ஒரே இடம் அழுந்தாமல் பார்த்துக்கொண்டதே பயன் தந்தது. பெரும்பாலான புண்கள் மருத்துவமனையில் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தோன்றின என்பதும் தெரிந்தது.

அந்த ஆய்வின் துணைப்பொருளாகப் பிறந்த நார்ட்டன் அளவுகோல் இன்றும் உலகமெங்கும் வழக்கில் உள்ளது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. வார்டில் சேர்க்கும்போதே ஓரிரு நிமிடங்களில் போட்டுவிடக்கூடிய கணக்கு. 1987இல் அமெரிக்காவில் இதே நோக்கத்துக்காகப் பிரேடன் அளவுகோல் வந்தது.

இதைத் தொடர்ந்து 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் ஓர் ஆய்வு வரிசையைத் தொடங்கியது. அதில் ஜாக் ஹேவர்ட் 1975இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. அறுவைக்கு முன்னால் என்ன நடக்கும், எங்கே வலிக்கும் என்று விளக்கிச் சொல்லப்பட்ட நோயாளருக்கு, அறுவைக்குப் பின் வலிநிவாரணி குறைவாகவே தேவைப்பட்டது என்று அவர் காட்டினார். பேச்சும் ஒரு சிகிச்சை என்பதற்கு எண்ணிக்கைச் சான்று கிடைத்தது. சில ஆண்டுகளில் ஜெனிஃபர் பூர் இதை நோயாளரின் சிறுநீரிலிருந்த அழுத்த ஹார்மோன்களை அளந்தும் உறுதிப்படுத்தினார். இதற்கிடையே 1972இல், பிரிட்டனில் செவிலியத்தை ஆராய்ந்த பிரிக்ஸ் குழு, செவிலியம் ஆய்வின்மீது நிற்கும் தொழிலாக வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது.

மனப்பாங்கு ஆய்வுகள்

செவிலியர் நோயாளரை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற ஆய்வு உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடமிருந்து தொடங்கியது. மாணவியரை வார்டுகளுக்குப் பங்கிடுவதில் சிக்கல் என்று லண்டன் போதனை மருத்துவமனை ஒன்று, நிறுவனங்களை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராயும் டாவிஸ்டாக் நிலையத்தை அணுகியது. மருத்துவமனைக்குச் சென்ற அந்நிலையத்தின் இசபெல் மென்சிஸ் 1960 வாக்கில் வெளியிட்ட கட்டுரை, சிக்கல் வேறிடத்தில் இருப்பதைச் சொன்னது. வார்டில் ஒரு மாணவி எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பாள். இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். ஒரு நோயாளருக்கு உரியவள் என்று யாரும் இல்லை. நோயாளர் பெயரால் அல்லாமல் ‘பத்தாம் படுக்கைக் கல்லீரல்’ என்ற விதத்தில் குறிக்கப்பட்டார். நோயையும் சாவையும் நாள்தோறும் நெருங்கிப் பார்ப்பதால் எழும் பதற்றத்திலிருந்து செவிலியரைக் காக்கவே இந்த ஏற்பாடு என்றார் மென்சிஸ். ஆனால் அது காக்கவில்லை. மாணவியரில் மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போனார்கள். போனவர்களில் திறமைசாலிகளும் இருந்தார்கள். இத்துறையில் எழுதப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது என்று இக்கட்டுரையைத் தயங்காமல் சொல்லலாம்.

ஃபெலிசிட்டி ஸ்டாக்வெல் 1972இல் வெளியிட்ட ‘தி அன்பாப்புலர் பேஷன்ட்’ என்ற நூல், செவிலியருக்குப் பிடிக்காத நோயாளர் யார் என்று நேரடியாகக் கேட்டது. செவிலியரின் பெயரைத் தெரிந்துகொண்டு சிரித்துப் பேசுபவர்களும் சொன்னதைச் செய்பவர்களும் பிடித்தமானவர்கள். அயல்நாட்டவர், மூன்று மாதத்துக்கு மேல் தங்கியவர்கள், குறைசொல்பவர்கள், இங்கே இருக்கவே தேவையில்லை என்று செவிலியர் கருதியவர்கள் பிடிக்காதவர்கள். பிடிக்காதவர் கேட்டது மறந்துபோகும். அவர் தரும் தின்பண்டம் மறுக்கப்படும். விதிகள் அவருக்கு மட்டும் கறாராகும். 1990களில் மார்ட்டின் ஜான்சன் ஒரு வார்டிலேயே பணியாற்றியபடி மீண்டும் ஆராய்ந்து, இந்த முத்திரைகள் நிலையானவை அல்ல, ஒரே நோயாளர் ஒரு நாள் நல்லவராகவும் மறுநாள் தொல்லையாகவும் பேசப்படுகிறார் என்று திருத்தினார்.

வலியைப் பற்றிய ஆய்வு இன்னும் எளிய முறையில் அமைந்தது. மார்கோ மெக்காஃபரியும் பெட்டி ஃபெரலும் 1991இல் செவிலியருக்கு இரண்டு நோயாளரின் விவரத்தைக் கொடுத்தார்கள். இருவருக்கும் 25 வயது, வயிற்றில் அறுவை முடிந்த மறுநாள். வலி பத்துக்கு எட்டு என்று இருவருமே சொல்கிறார்கள். ஒருவர் பார்க்க வந்தவரோடு சிரித்துப் பேசுகிறார், மற்றவர் முகத்தைச் சுளித்தபடி படுத்திருக்கிறார். சுளித்தவரின் வலியை ‘எட்டு’ என்றே பதிந்தவர்கள் பலர். சிரித்தவர் சொன்ன அதே எட்டைக் குறைத்துப் பதிந்தவர்கள் நிறைய. பாட்ரிசியா லார்சன் 1980களில் புற்றுநோய் வார்டுகளில் கண்டது இதன் மறுபக்கம். அக்கறையின் முதல் அடையாளம் காது கொடுத்துக் கேட்பது என்றார்கள் செவிலியர். ஊசியைச் சரியாகப் போடுவதும் கருவிகளைத் தெரிந்து கையாள்வதும் என்றார்கள் நோயாளர்.

எண்ணிக்கை திரும்பி வருதல்

21ஆம் நூற்றாண்டில் துறையின் போக்கைத் தீர்மானித்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐகன். அம்மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் அவர் குழு வெளியிட்ட முடிவின்படி, ஒரு செவிலியர் பார்க்கும் அறுவை நோயாளரில் ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. மறு ஆண்டில் கல்வியும் கணக்கில் வந்தது: பட்டம் பெற்ற செவிலியர் பங்கு 10 விழுக்காடு கூடினால் இறப்பு வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 2014இல் செய்த ஆய்வும் இதே திசையில் முடிந்தது.

இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தைக் காட்டவில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நான்கு பேருக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சில மருத்துவமனைகளுக்கு மட்டும் விதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு அமைந்தது. விதி வந்த 27 மருத்துவமனைகளை வராத 28உடன் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியாயிற்று. முன்னவற்றில் இறப்பு குறைந்திருந்தது, கூடுதல் ஆட்களுக்கான செலவைவிட மிச்சம் அதிகமாக இருந்தது.

இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனைச் சீர்கேடுகளை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, செவிலியராக வருவோரின் மனப்பாங்கைச் சேர்க்கையிலேயே சோதிக்கச் சொன்னது. செயின்ட் தாமஸ் படிவத்தின் வாடை இதில் அடிக்கிறது. அதே ஆண்டில் வந்த ஓர் ஆய்வில், நாட்டின் செவிலியரில் 86 விழுக்காட்டினர் தங்கள் கடைசி ஷிஃப்டில் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று நேரமின்மையால் விடுபட்டதாகக் கூறினர். அதிகம் விடுபட்டது நோயாளருக்கு ஆறுதலாகப் பேசுவது. 66 விழுக்காட்டினர் அதைக் குறிப்பிட்டனர்.

இந்தியாவில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பட்டப்படிப்பு 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் வந்தது. அதே ஆண்டில், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு, 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையைப் பதிவு செய்தது. முதுகலைப் படிப்பு 1959இல் டெல்லியில் தொடங்க, ஆய்வேடு எழுதுவது பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. 1980களின் இறுதியில் சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்மட்டக் குழு செவிலியரின் கல்வியையும் பணிநிலையையும் நாடளவில் ஆராய்ந்து அறிக்கை தந்தது.

இன்று இந்தியச் செவிலியக் கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு தலைப்பில் கேள்வித்தாள், ஒரு விளக்கப் பாடம், மீண்டும் அதே கேள்வித்தாள், மதிப்பெண் உயர்ந்தது என்ற முடிவு. இரண்டாண்டுப் படிப்பில் மாணவி தனியாளாய் முடிக்கக்கூடியது அதுதான் என்பதும் உண்மை. வார்டில் அந்த அறிவு செயலாகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் அருகியே உள்ளன. போதனை மருத்துவமனைகளில் மூன்று நோயாளருக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவு. அரசு மருத்துவமனை வார்டுகளில் அது பெரும்பாலும் எட்டப்படுவதில்லை.

மேலைநாட்டு அளவுகோல்களை இங்கே பயன்படுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை நோயாளரைக் குளிப்பாட்டுவதும் திருப்பிப் படுக்கவைப்பதும் ஊட்டுவதும் செவிலியரே என்ற அனுமானத்தில் அமைந்தவை. தமிழ்நாட்டின் பொது வார்டில் இவற்றைப் பெரும்பாலும் செய்பவர் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துத் தங்கும் மனைவியோ மகளோ. மருந்து, ஊசி, டிரிப், பதிவேடு ஆகியவை செவிலியர் பொறுப்பு. எனவே விடுபட்ட பராமரிப்பு எது என்று செவிலியரிடம் மட்டும் கேட்கும் படிவத்தில், உடனிருக்கும் உறவினரின் உழைப்பு பதிவாவதில்லை. உறவினர் இல்லாத நோயாளரின் நிலையும் பதிவாவதில்லை.