மெட்டுக்குக் கீழே: ஏலமலை வரலாற்றில் சிலமலை அடிவாரம்

போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் நகரம் என்று பெயர். ஊர்த்தரையிலோ ஏலம் விளையாது. ஏலச்செடி கேட்பது 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், மரநிழல், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. போடி மழைமறைவு நிலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் பெய்து தீர்த்துவிட்டு, இங்கே வெறும் சாரலாக இறங்குகிறது. ஊருக்குத் தெற்கே, தேவாரம் போகும் சாலையில் இருக்கும் சிலமலையிலும் இதே கதைதான். மா உண்டு, தென்னை உண்டு, அடிவாரச் சரிவில் இலவம் உண்டு, ஏலம் இல்லை. ஆயினும் ஏலக்காயை எடுத்துவிட்டால் இந்த அடிவாரத்து வீடுகளின் வரவு செலவையோ, ஊர்களின் விடியற்காலையையோ விளக்க முடியாது.

விளையாத பொருளின் பெயர் ஊருக்கு எப்படி ஒட்டியது? சந்தை இருப்பதால் என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான். ஏலமலை என்பது மேலே உள்ள காடும் தோட்டமும் மட்டுமல்ல. கீழே உள்ள அடிவாரமும் அதன் உறுப்பு என்பது இக்கட்டுரையின் வாதம். இதுவரை எழுதப்பட்ட வரலாறுகள் இரண்டு வழியில் போயிருக்கின்றன. ஒன்று, மூணாறு வழியாக வரும் ஐரோப்பியத் தோட்ட வரலாறு. மற்றொன்று, தேவிகுளம், பீருமேடு வழியாக வரும் எல்லைப் போராட்ட வரலாறு. இரண்டிலும் சிலமலை போன்ற ஊர்களுக்கு இடமில்லை. முதலாவதில் அவை ஆள் அனுப்பும் இடங்கள். இரண்டாவதில் எல்லைக்கு இப்பால் விழுந்துவிட்ட ஊர்கள். அந்த ஊர்களிலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

நிலத்திலிருந்து தொடங்கலாம். போடியிலிருந்து முந்தல் வரை சமவெளி. முந்தலில் சாலை பிரிகிறது. ஒரு கிளை குரங்கணிக்குப் போகிறது. மற்றொன்று 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. மெட்டு என்ற சொல் இவ்வட்டாரத்தின் திறவுகோல். கம்பம்மெட்டு, போடிமெட்டு, சாக்கலூத்து மெட்டு எனப் பல ஏற்றங்களின் முடிவுக்கு மெட்டு என்றே பெயர். அரசின் வரைபடத்தில் அந்த முகடு நீர்பிரி கோடு, மாநில எல்லை. அடிவாரத்து மக்கள் வாயில் அது ஏறி முடிந்து மறுபுறம் இறங்கத் தொடங்கும் இடம். ஒரே முகட்டுக்கு இரண்டு பொருள். இந்த வேறுபாட்டைக் காணாமல் எழுதப்படும் ஏலமலை வரலாறு குறைபட்டே நிற்கும்.

மலையைக் குறுக்கே கடப்பது இங்கே பழைய வழக்கம். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது மலைப் பழங்குடியினரான முதுவர்களின் வழிவழிக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமைச் சரக்காக வைத்திருந்தது. ஆனால் ஏலக்காட்டைத் திருத்திக் காய் எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் மேற்கே இருந்து வந்தவர்களல்லர்; மதுரைச் சீமையின் அடிவாரத்து உழவர்கள். அரிசியும் உப்பும் துணியும் கிழக்கிலிருந்து ஏறின. ஏலமும் மிளகும் தேனும் இறங்கின. மன்னர் ஆட்சி மேற்கில், சோறு கிழக்கில் என்று இந்த ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஐரோப்பியர் மூணாற்றுப் பக்கத்துக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற பின்னும் வழி மாறவில்லை. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி சேர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் இரண்டடி அகலப் பாதை வந்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மேலே ஓடிய ரயிலும் கீழே வந்த ரயிலும் ஒன்றையொன்று காணவே இல்லை. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளிலும் ஆளும் சரக்கும் வண்டிப்பாதையிலேயே போய்வந்தன. இந்த மலையை இயக்குவது தண்டவாளமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, தமிழர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தமிழர் பகுதிகளைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை இந்த மலைப்பகுதியில் நிறைவேறவில்லை. மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் அங்கிருந்த தமிழர்களில் பெரும்பகுதியினரைத் தோட்ட வேலைக்காக வந்து சேர்ந்தவர்களாகக் கண்டது. இந்த வாதம் ஆழ்ந்த பரிசீலனைக்கு உரியது. அதன்படி ஏறிப் போகிறவர் நிலைகொண்டவர் அல்லர். ஆனால் அடிவாரத்தின் உறவே ஏறி இறங்கும் உறவுதான். ஆண்டுதோறும், பின்னர் நாள்தோறும், பல தலைமுறையாக ஒரே மலைக்கு ஏறுகிறவரை வந்தேறி என்ற சொல்லால் அளக்க முடியாது. அவருடைய குடியிருப்புக் கீழே, உழைப்பு மேலே. இரண்டும் சேர்ந்ததே அவருடைய ஊர்.

இதை மிகத் துலக்கமாகக் காட்டியது 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றிய அந்த மாதத்தில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டன. ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த பருவம் அது. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தில் பழைய காட்டுப்பாதைகளில் இறங்கி வந்தார்கள். மேலே காய் பழுத்து வீணாயிற்று. கீழே அடுப்பு எரியவில்லை. அந்நாளைய செய்திகள் இதை நீர்ச் சண்டையின் பக்கவிளைவாகவே எழுதின. நான் அப்படிக் கருதவில்லை. 1895 முதல் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. அதில் பிரியும் பதினெட்டாம் கால்வாய் உத்தமபாளையம், போடி வட்டங்களின் கண்மாய்களுக்குப் போகிறது. அதே அடிவாரத்திலிருந்து உழைப்பு மேற்கே போகிறது. மேற்கின் நீர் கிழக்குக்கு, கிழக்கின் கை மேற்குக்கு. முதலாவதற்கு 1886-இல் எழுதிக் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரம் உண்டு; வழக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு, குழு உண்டு. இரண்டாவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இல்லை என்பதன் பொருளை ஒரு நாளின் கணக்கில் காணலாம். சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் பகுதிகளில் விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் தூக்குவாளி, மடித்த படுதா. போடிமெட்டு கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் பிரிந்து போகிறார்கள். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதல்ல. செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. முற்றிய காயைப் பார்த்து, இளங்காயை விட்டு, குனிந்தபடியேதான் எடுக்க வேண்டும். முப்பது, நாற்பது நாளுக்கொரு முறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். எந்த இயந்திரமும் இந்தக் கண்ணையும் விரலையும் இன்னும் பெயர்த்துவிடவில்லை. பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ 2019-இல் 7,000 ரூபாய் வரை போனது. பொழுது சாயும்போது ஜீப் அதே வளைவுகளில் இறங்குகிறது. மூடுபனியிலும் மழையிலும் அந்தப் பாதையில் உயிர்கள் போயிருக்கின்றன.

1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்டத்தின் பொறுப்பாக்கியது. தோட்டத்தில் தங்குபவரை மனத்தில் வைத்து எழுதியது அது. 1979-இன் மாநிலம் கடந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் வழியாக வேற்று மாநிலம் போய் வேலை செய்பவரை நினைத்தது. காலையில் ஒரு மாநிலத்தில் கண்விழித்து, பகலில் மற்றொன்றில் உழைத்து, இரவு மறுபடி முதல் மாநிலத்தில் படுப்பவர் இந்த இரண்டு சட்டங்களின் இடுக்கிலும் நழுவினார். வரலாற்று எழுத்தில் நேர்ந்ததே அந்தச் சட்டங்களிலும் நேர்ந்தது. தங்குபவர், பெயர்ந்தவர் என்ற இரண்டு பெட்டிகள். அடிவாரத்துக்கு மூன்றாவது பெட்டி இருக்கவில்லை. இது வெறும் வகைப்பாட்டுக் குறை அல்ல. வளைவில் கவிழ்ந்த வண்டியில் இருந்தவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இது.

இனிச் சந்தைக்கு வரலாம். போடியில் ஏலம் என்றால் இரண்டு பொருள். செடியைக் குறிப்பது தமிழின் பழஞ்சொல்; விலை கூறிக் கேட்பதைக் குறிப்பது போர்த்துகீசியத்திலிருந்து வந்து சேர்ந்தது. பிறப்பால் தொடர்பற்ற இரண்டும் ஒரே ஒலியில் கலந்து, ஏலத்துக்கு ஏலம் நடக்கும் ஊர் இது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. இரண்டு இடத்து வணிகரும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் முறை 2021-இல் வந்தது. கவனிக்க வேண்டியது இது: எல்லையின் இருபுறத்து ஏலக்கூடங்களையும் ஒன்றாக்க வணிகத்துக்கு வழி பிறந்துவிட்டது. காயைச் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பருமன் வாரியாகப் பிரித்து, வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் கையால் பொறுக்கும் போடிக் கிட்டங்கிப் பெண்களும், மேலே எடுக்கும் பெண்களும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள் என்று எந்தப் பதிவேடும் இன்னும் சேர்த்து எழுதவில்லை.

மலைச்சரக்கு இறங்கும் அடிவார நகரம் எங்கும் உண்டே, போடிக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். மேட்டுப்பாளையத்துக்கும் நீலகிரிக்கும் இடையே மாநில எல்லை இல்லை. அங்கே மலையும் அடிவாரமும் ஒரே நிர்வாகத்தின் கண்ணில் படுகின்றன. இங்கே எல்லை நடுவே நிற்பதால்தான், நிர்வாகம் துண்டித்த பின்னும் அறுபடாத உறவு எது என்பதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. அந்த உறவும் இப்போது தளர்கிறது. அசாம், ஜார்கண்ட், மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் தோட்டங்களிலேயே வந்து தங்கி வேலை பார்க்கிறார்கள். சிலமலைப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். தாயின் முதுகுவலியைப் பார்த்து வளர்ந்தவர்கள் மலைக்குப் போகாமலிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் பதிவு செய்யாமல் போவது மகிழ்ச்சிக்குரியதல்ல. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு மக்கள் நெடுங்காலமாக மனுக் கொடுத்து வருகிறார்கள்; தலைக்கு நேர் மேலே இருக்கும் தோட்டத்துக்கு அவர்கள் போடிமெட்டைச் சுற்றிப் போகிறார்கள். சாலை வரைபடம் காட்டும் மலைவழிகள் மூன்று. தலைச்சுமையோடு நடந்தவர்களைக் கேட்டால் மேலும் பல வழிகள் வரும், ஒவ்வொன்றிலும் சுமை இறக்கிய இடத்தின் பெயரோடு. 2011-இல் இருட்டில் இறங்கி வந்தவர்களுக்கு வழி காட்டியவை அந்தப் பாதைகள்தாம். அவற்றை நடந்தறிந்தவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்து, சிலமலைத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.