ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர் எழுதிய மோட்சப் பயணம்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் பக்கத்துச் சாலைகளில் பழநிக்கு நடக்கிறவர்கள் கூட்டம். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கூட்டம். எரியோட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு யாத்திரை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளில் சுமை, காலில் கொப்புளம், வழியில் மோர்ப்பந்தல், "இன்னும் எத்தனை மைல்?" என்ற கேள்வி, எல்லாம் பார்த்தவர்கள்தான் நாம்.

மனதுக்குள் நடக்கிற போராட்டத்தையே இப்படி ஒரு நடைப்பயணமாக எழுதிய இருவரைப் பற்றி இன்று சொல்கிறேன். ஒருவர் இங்கிலாந்துக்காரர். இன்னொருவர் நம் நெல்லைச் சீமைக்காரர்.

இங்கிலாந்துக்காரர் ஜான் பனியன். 1628-இல் பெட்ஃபோர்டு நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது தொழில். நம் சிறு வயதில் தெருவில் துருத்தி வைத்து ஊதி ஈயம் பூசியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அப்படி ஒரு மனிதர். பெரிய படிப்பில்லை. அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். "இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வரலாம். அவர் சொல்லவில்லை. வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். மூத்த பெண்ணுக்குக் கண் தெரியாது. சிறைக்குள் இருந்தபடியே கயிற்று நாடாக்களுக்கு முனை கட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள்.

வெளிச் சிறையைவிட உள்ளுக்குள் இருந்த சிறை பெரிது. தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் தன்னை வாட்டியதை 1666-இல் வெளிவந்த தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த மனிதர்தான் 1678-இல் 'மோட்சப் பயணம்' என்று தமிழில் நாம் அறிந்த நூலை வெளியிட்டார்.

கதை எளிது. கிறிஸ்தியான் என்பவன் முதுகில் பெரிய மூட்டையோடு அழியப் போகும் தன் நகரத்தை விட்டுக் கிளம்புகிறான். முதலில் ஒரு சேற்றில் விழுகிறான். அப்புறம் சிலுவையடியில் மூட்டை கழன்று உருண்டு போய்விடுகிறது. நாமாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்போம். பனியன் போடவில்லை. பெரிய சோதனைகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மாயச் சந்தையில் உடன் வந்த நண்பனைக் கொளுத்துகிறார்கள். இன்னோர் இடத்தில், பாதை கரடாக இருக்கிறதே என்று பக்கத்துப் புல்வெளியில் இறங்கி நடந்ததால், அவநம்பிக்கை என்ற அரக்கனிடம் அகப்படுகிறார்கள். சந்தேகக் கோட்டையில் அடைத்து அடிக்கிறான். "நீங்களே உயிரை விட்டுவிடுங்கள்" என்று யோசனையும் சொல்கிறான். நான்காம் நாள்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் தன் சட்டைக்குள்ளேயே இருந்தது!

குணங்களை மனிதர்களாக்கிக் கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. விவேகமும் மோகமும் சண்டை போடும் 'பிரபோத சந்திரோதயம்' என்ற வடமொழி நாடகம் பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது. அதனால் பனியனின் கதை தமிழுக்கு வந்தபோது அந்நியமாகத் தோன்றவில்லை.

அதைக் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். தமிழாசிரியர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு முடிவெடுத்தவர் பிறந்த வீட்டையும் உறவையும் எப்படிப் பிரிய வேண்டியிருக்கும் என்பதை நம் தலைமுறைக்கு விளக்க வேண்டாம். கிறிஸ்தியான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டை விட்டு ஓடும் காட்சி அவருக்கு வெறும் கதையாக இருந்திருக்காது.

அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலானது. ஐந்து பருவங்கள், 3,700-க்கு மேற்பட்ட பாடல்கள். பனியன் சிலுவையைச் சுருக்கமாகக் காட்டிவிட்டு நகர்கிறார். கிருஷ்ணபிள்ளை அங்கே நின்று இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே உருக்கமான துதிப்பாடல்களையும் வைத்தார். மதம் மாறினாலும் கம்பனையும் பக்தித் தமிழையும் அவர் விட்டுவரவில்லை. 'கிறித்தவக் கம்பர்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

நான் திருநீறு பூசுகிறவன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் இந்த நூல்களை நிதானமாகப் படித்தேன். எனக்கு ஒரு நண்பர் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் தவறாத கிறிஸ்தவர். மனைவி காலமான பிறகு ஒருநாள் என்னிடம், "சார், ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தையே வரலை. எனக்கு விசுவாசம் போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். நான் போதகர் இல்லை. பனியனின் கடைசி ஆற்றைத்தான் அவருக்குச் சொன்னேன்.

மோட்ச நகரத்துக்கு முன்னால் ஓர் ஆறு. பாலம் கிடையாது. அதுதான் மரணம். இத்தனையும் தாண்டி வந்த கிறிஸ்தியான் அந்த ஆற்றில் இறங்கியதும் மூழ்கத் தொடங்குகிறான். கண் இருட்டுகிறது. பழைய பாவங்கள் எல்லாம் நினைவுக்கு வந்து நடுங்குகிறான். உடன் வந்த நம்பிக்கை என்ற தோழன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போகிறான். ஆனால் மறுகரையில் அவனுக்குக் கதவு திறக்கிறது. பயந்தாயே என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அதே ஆற்றை இன்னொருவன் சுலபமாகக் கடக்கிறான். அவன் பெயர் அறியாமை. வீண் நம்பிக்கை என்ற ஓடக்காரன் படகில் ஏற்றிக் கால் நனையாமல் கரை சேர்த்துவிடுகிறான். அவனுக்குத்தான் வாசல் திறக்கவில்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பயப்படறது தப்பில்லைங்கிறீங்க" என்றார். "பனியன் அப்படித்தான் சொல்றார் சார்" என்றேன்.

சந்தேகத்தை விசுவாசத்தின் எதிரியாக மட்டும் இந்த இருவரும் பார்க்கவில்லை. வழியில் வரும் ஒரு பள்ளமாக, ஒரு கோட்டையாக, ஓர் ஆறாகப் பார்த்தார்கள். ஒருவர் பன்னிரண்டு ஆண்டு சிறையிலிருந்தும், மற்றவர் உறவைப் பிரிந்த துயரிலிருந்தும் பேசியதால்தான் அவர்கள் சொல் இன்னும் நிற்கிறது. கிருஷ்ணபிள்ளை தன் காப்பியத்தை நூலாகப் பார்த்தபோது வயது அறுபத்தேழு. 1900-இல் காலமானார். நம் வயதில்தான் அவரும் அந்த ஆற்றங்கரையை எட்டிப் பார்த்திருக்கிறார். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அந்தக் கரையில் நிற்கப் போகிறவர்கள்தானே நாமும். தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு தோழன் பக்கத்தில் இருந்தால் போதும்.