கிணற்றடி மோட்டர் இயங்காவிட்டால்: கொயில் கட்டக் கொடுப்பதற்கு முன்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எனது பெரியம்மா, காணி விடுவிக்கப்பட்ட பின் ஊர் திரும்பித் தனியாகத் தோட்டம் செய்கிறார். மாரி முடிந்து முதன்முதலாக இறைக்கப் போனபோது, மோட்டர் உறுமியதே தவிர சுற்றவில்லை. பார்க்க வந்தவர், "கொயில் எரிஞ்சு போச்சு, புதுசாக் கட்டவேணும்" என்று பெரிய தொகை கேட்டார். கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. பெரியம்மா நகையை அடகு வைக்க யோசித்தார்.

பழுது கொயிலில் இருக்கவில்லை. இயங்காத மோட்டர், பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் மூன்று விதமாகக் காட்டும்.

சத்தமே இல்லை. மின்சாரம் மோட்டருக்கு வந்து சேரவில்லை. றிப் சுவிச் விழுந்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். சுவிச்சுக்குள் எறும்பு கூடு கட்டினாலும் இப்படி நடக்கும்.

உறுமுகிறது, சுற்றவில்லை. உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால்தான் கொயில் உண்மையில் எரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்புற விசிறிப் பக்கமாகத் தண்டைத் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே துருவோ சுண்ணாம்புப் படிவோ பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் நீர் வன்மையானது. மாதக்கணக்கில் ஓடாத பம்பியில் இது நடக்கக்கூடியது. தண்டு இலகுவாகச் சுற்றினால் கப்பாசிற்றரில் பழுது இருக்கலாம். கடைகளில் அதைக் கண்டென்சர் என்றும் சொல்வார்கள். அதை மாற்றும் செலவு கொயில் கட்டுவதைவிட மிகக் குறைவு. பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோபரட் அளவையே வாங்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின் தேங்கியிருக்கும். முனைகளைத் தொடாமல், தெரிந்தவரைக் கொண்டே மாற்றுங்கள். மாலையில் மட்டும் இப்படி உறுமினால், மின்னழுத்தம் 230 வோல்ட்டை விட மிகவும் குறைந்திருக்கலாம்.

போட்டவுடன் றிப் சுவிச் விழுகிறது. ஈரம் இறங்கியோ கொயில் பழுதாகியோ மின் கசிகிறது. றிப் சுவிச்சை விலக்கி நேரடியாக மின் கொடுக்க ஒருவரையும் விடாதீர்கள். ஈரக் கிணற்றுக்கட்டில் வெறுங்காலோடு நிற்பவரின் உயிரைக் காப்பது அந்தச் சுவிச்தான். பச்சை மஞ்சள் நிற ஏர்த் வயர் இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

"கொயில் போச்சு" என்று யாராவது சொன்னால், கப்பாசிற்றரையும் கொயிலையும் மீற்றர் வைத்து உங்கள் முன்னாலேயே சோதிக்கக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தனியாக இருக்கும் பெண்கள் இப்படிக் கேட்கத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். காசு கொடுப்பவருக்கு அது உரிமை.

பெரியம்மாவின் மோட்டரில் தண்டு இறுகியிருந்தது. ஸ்குறூ டிறைவரால் முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பியதும் இளகியது. அன்று பின்னேரமே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. இப்போது மாரியிலும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் மோட்டரை ஓடவிடுகிறார்.