பங்கிலிருந்து பட்டாவுக்கு: காஞ்சிபுரம் சிற்றூர்களில் வாழ்வும் நிலவுரிமையும்

காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும் நினைவுக்கு வரும். அந்தக் கோயில்களுக்கு நெல் அளந்ததும் நகரத்துக்குச் சோறு போட்டதும் சுற்றியிருந்த ஏரிப்பாசனச் சிற்றூர்கள். இன்று அவ்வூர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, “சென்ட் என்ன விலை போகிறது?” என்பதே. இந்தக் கேள்வி மிகப் பிந்தியது. பல நூற்றாண்டுகளாக இவ்வூர்களில் கேட்கப்பட்ட கேள்வி, “ஊரில் உனக்கு எத்தனை பங்கு?” என்பதாகும். பங்கு பட்டாவாகவும், பட்டா மனையாகவும் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கணக்கில் ஏறியவர் யார், விடுபட்டவர் யார் என்பதே இதன் மையக் கேள்வி.

நிலம் தந்த உறுப்புரிமை

மிகப் பழைய தெளிவான சான்று உத்திரமேரூரில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து (பகுதிகளிலிருந்து) வாரிய (குழு) உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான தகுதிகளை அவை வரிசைப்படுத்துகின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி மிகுந்தவருக்கு மட்டும் நில அளவில் சலுகை உண்டு.

குடவோலை முறையை மக்களாட்சியின் முன்னோடி என்று போற்றுவது நம் வழக்கம். நிலவுரிமை நோக்கில் படித்தால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. நிலமும் மனையும் இல்லாதவருக்கு ஊர் நிருவாகத்தில் இடமில்லை. உத்திரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவர்களும் சேரியில் வாழ்ந்தவர்களும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள். அதே சமயம், நிலம் உடையவர்க்குப் பொறுப்பும் இருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற அமைப்புகள் நீரையும் பயிரையும் பொதுவில் காத்தன. நிலம், நீர், ஊராட்சி மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருந்தன.

காணியாட்சியும் பங்கும்

இந்தப் பிணைப்பு பிற்காலத்தில் காணியாட்சி என்றும், முகலாய ஆட்சிச் சொல்லால் மிராசு என்றும் வழங்கியது. ஊர் முழுவதும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பங்குகளாகக் கருதப்பட்டது. ஒரு பங்கு என்பது வயல் மட்டும் அன்று. ஏரிநீர், தோப்பு, மேய்ச்சல் நிலம், மனை, களத்தில் கிடைக்கும் ‘சுதந்திரம்’ என்ற விளைச்சல் பங்கு ஆகிய அனைத்திலும் உள்ள உரிமை. பசங்கரை ஊர்களில் வயல்கள் பொதுவில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாற்றிப் பகிரப்பட்டன. அறுதிக்கரை ஊர்களில் அவரவர் வயல் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காணியாட்சிக்காரருக்குக் கீழே, ஊரிலேயே குடியிருந்து பயிரிட்ட உள்குடிப் பாயக்காரிகளும் வெளியூரிலிருந்து வந்து பயிரிட்ட பரகுடிப் பாயக்காரிகளும் இருந்தனர். அவர்களுக்கும் கீழே, பண்ணை வேலைக்குக் கட்டுண்ட சேரி மக்கள் இருந்தனர்.

பொதுவயலை முறைவைத்துப் பகிரும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜாவாத் தீவின் பல ஊர்களில் ‘கொகோல்’ குடிகள் ஊர்வேலை செய்யும் கடமைக்கு ஈடாகப் பொதுவயலில் முறைப்பங்கு பெற்றனர். பொதுவயலும் கடமையோடு கூடிய பங்கும் தொலைவான இரு நெல் நாடுகளில் ஒரே வகையில் அமைந்திருந்தன. இரண்டிலும் அந்நிய ஆட்சி வந்து, “இதன் உரிமையாளர் யார்?” என்று கேட்டது.

அளவையும் அழிவும்

கருநாடக நவாப் முகமது அலி 1763இல் காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக (வருவாய் உரிமையாக) அளித்தார். 1767 முதல் 1774 வரை கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தொழிலார், எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய் புன்செய், யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்று அக்கணக்குகள் விரிகின்றன. விளைந்த நெல்லில் கணக்கர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், நீர்க்கட்டி, கோயில் என்று பலருக்கும் களத்திலேயே பங்கு பிரிந்தது. நிலமே இல்லாத குடும்பமும் விளைச்சலில் உரிமை பெற்றிருந்ததை அப்பதிவுகள் காட்டுகின்றன. அந்த உரிமை சாதியடுக்கின்படியே பகிரப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. அந்தப் போர்க்காலத்தில் சீமையின் ஊர்கள் பாழாயின. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைந்தார். 1799இல் அவர் அளித்த அறிக்கை மிராசு பற்றிய நீண்ட விவாதத்துக்கு அடிப்படை ஆயிற்று. திருக்குறள் உரைக்காகத் தமிழர் நினைவில் வைத்திருக்கும் எல்லீசன் என்ற எப்.டபிள்யூ. எல்லிஸ், மிராசு உண்மையான சொத்துரிமையே என்று வாதிட்டார். அவர் எழுதிய ஆய்வு 1818இல் அச்சேறியது.

1802இல் கொண்டுவரப்பட்ட ஜமீன் முறை இச்சீமையில் நிலைக்கவில்லை. பின்னர் ரயத்துவாரி முறை பரவியது. அரசு ஊரோடு பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியே பேசத் தொடங்கியது. பங்கு காகிதத்தில் சர்வே எண்ணாயிற்று. வயலுக்குத் தனியுரிமை பிறந்தது. ஏரியும் வாய்க்காலும் அரசுடைமை ஆயின. நீரைக் காக்கும் கடமை பங்கிலிருந்து கழன்றது இங்கேதான்.

விடுபட்டவர்கள்

பட்டா வந்த பின்னும் மிராசு மறையவில்லை. தரிசு நிலத்தை ஒதுக்கக் கேட்டு யாராவது தர்க்காஸ்து மனு கொடுத்தால், முதல் உரிமை தமக்கே என்று மிராசுதார்கள் தடுத்தனர். சேரி மனைக்கட்டும் தமதே என்றனர். எதிர்த்துப் பேசுபவர் குடியிருந்த குடிசையையே இழக்க நேரிட்டது. செங்கல்பட்டு கலெக்டர் ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்நிலையை வெளிப்படையாக எழுதியது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி திறந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகளோடு வந்த இந்நிலங்களே பஞ்சமி நிலங்கள்.

நிபந்தனை இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறியது. 1994 அக்டோபரில் காரணை ஊரின் பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். ஓர் அரசாணை தந்த உரிமையைக் கேட்டதற்கு நூறாண்டு கழித்துக் கொடுக்கப்பட்ட விலை அது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது.

நெசவாளர் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களில் வீடே பட்டறை. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் தோண்ட வேண்டும்; வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் மனம் இரங்க வேண்டும். நெசவாளருக்குச் சொந்த மனை என்பது தொழிலின் முதல் கருவி.

சதுர அடியின் காலம்

1990களின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளில் கார்த் தொழில் தொடங்கியது. அதன்பின் நிலத்தின் மதிப்பை விளைச்சல் முடிவு செய்வது நின்றது. சாலைக்கு எவ்வளவு அருகில் என்பதே முடிவு செய்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் புதிய விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. பல ஊர்களின் நிலங்கள் அத்திட்டத்தில் அடங்கின. ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்த்து, கிராம சபையில் பலமுறை தீர்மானம் நிறைவேற்றினர்.

2013ஆம் ஆண்டு மத்திய நிலச் சட்டம், நிலத்தை நம்பி வாழும் குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. சமூகத் தாக்க ஆய்வையும் கேட்கிறது. தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமோ, தொழில் நோக்கத்துக்கான 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் முதலியவற்றின்படி எடுக்கும் நிலங்களுக்கு இழப்பீடு, மறுவாழ்வு விதிகளை வைத்துக்கொண்டு, அந்த ஆய்விலிருந்து விலக்கு அளித்தது. பட்டா இல்லாதவர் யார் யார் என்று ஊருக்கு வந்து எண்ணிப் பார்க்கும் கட்டம் இதனால் நழுவியது.

முடிவுரை

உத்திரமேரூர்க் குடம் நிலமற்றவரை விலக்கியது. பர்னார்டு கணக்கு அவர்களைக் களத்துப் பங்கில் எழுதியது. பட்டா அதையும் அழித்தது. பஞ்சமி ஆணை அவர்களைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. இன்றைய கையகப்படுத்தல் சந்தை மதிப்பையும் பட்டா எண்ணையும் கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகிறது. பழைய பங்குமுறையைத் திரும்பக் கேட்பது இக்கட்டுரையின் நோக்கமன்று; அது சாதியின் மேல் நின்ற முறை. ஆனால் ஊர் என்பது வயலோடு ஏரியும், மேய்க்காலும், களமும், மனையும், தறிப்பள்ளமும் சேர்ந்தது என்ற அதன் அறிவு சரியானது.

ஆகவே ஓர் ஊரை எடுப்பதற்கு முன் அரசு ஒரு கணக்கை எழுத வேண்டும். பட்டாதாரர் மட்டுமன்றிக் குத்தகைதாரர், கூலியாள், ஆடு மேய்ப்பவர், நத்தத்தில் குடியிருப்பவர், அவர்கள் நம்பியிருக்கும் ஏரி ஆகிய அனைத்தும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். 250 ஆண்டுகளுக்கு முன் ஓலையில் ஒரு கம்பெனி எழுதிய அளவுக்காவது, நாம் தேர்ந்தெடுத்த அரசு எழுத வேண்டும்.